ஐந்தாம் மாடியின் பச்சை அட்டை

செவ்வாய்க்கிழமை. காலை 9.12.

பகுதி அலுவலகத்தின் தொலைபேசி மணி அடித்தது. புகார் எழுத்தர் எடுத்தார். மறுமுனையில் அட்டை அக்காவின் குரல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

“அண்ணா, அஞ்சாவது மாடி. டிக்கெட் அம்மா வீட்டு அட்டை சிவப்பா இருக்கு. பெல் அடிச்சுப் பாத்தேன். யாரும் வரல.”

“எத்தன தடவ அடிச்ச?”

“ஏழு.”

எழுத்தர் மாற்றுச் சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகிற வழியில் தச்சரையும் கூப்பிட்டுக்கொண்டார். ஏழு தடவை மணி அடித்தும் டிக்கெட் அம்மா வெளியே வந்து ஒரு சத்தம் போடவில்லை என்றால் சாவி மட்டும் போதாது என்று அவருக்குத் தோன்றியது.

அந்தக் குடியிருப்பில் ஆறு கட்டடங்கள், நானூற்றுச் சொச்சம் வீடுகள். மூன்றாம் கட்டடத்தின் தரைத்தளத்தில், இரண்டு அறையும் ஒரு கூடமுமாக அந்த அலுவலகம் இருந்தது. லிஃப்ட் நின்றுபோனால் அங்கேதான் வருவார்கள். குழாய் ஒழுகினாலும், விசேஷத்துக்கு நாற்காலி தேவைப்பட்டாலும், காலொடிந்தவருக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றாலும், புருஷன் பெண்டாட்டி சண்டையில் யாராவது நடுவில் உட்கார வேண்டுமென்றாலும் அங்கேதான். எழுத்தர் பத்தொன்பது வருடமாகப் புகார் எழுதுகிறவர். சொன்னவர் எந்தச் சொல்லைச் சொன்னாரோ அதையே எழுதுவார். ‘மேல்வீட்டுத் துணி என் பால்கனியில் விழுகிறது, நல்ல நிறமாக இருந்தால் புகார் இல்லை’ என்று ஒருவர் சொன்னது கூட அப்படியே பதிவேட்டில் இருக்கிறது.

தனியாக வசிக்கும் முதியவர்கள் நாற்பத்தொரு பேருக்கு அலுவலகம் ஓர் ஏற்பாடு செய்திருந்தது. அவரவர் கதவுக்கு வெளியே கொக்கியில் ஓர் அட்டை தொங்கும். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. மாலை ஆறு மணிக்குக் காவலாளி எல்லா அட்டைகளையும் சிவப்பாகத் திருப்பிவிட்டுப் போவார். காலையில் எழுந்ததும் வீட்டுக்காரர் பச்சையாகத் திருப்ப வேண்டும். ஒன்பது மணிக்கு நலப் பணியாளர் சுற்றி வருவார். பச்சை என்றால் ஒரு குறி போட்டுவிட்டுப் போவார். சிவப்பு என்றால் மணி அடிப்பார். அந்தப் பணியாளரைத்தான் எல்லோரும் அட்டை அக்கா என்றார்கள்.

டிக்கெட் அம்மாவுக்கு எழுபது வயது. இருபத்தெட்டு வருடம் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் லிஃப்டில் நான்கு பேர் நின்றால், “உள்ள போங்க, உள்ள நெறைய எடம் இருக்கு, வழியில நிக்காதீங்க” என்று அதட்டாமல் இருக்க மாட்டார். கூடத்தில் நடக்கும் கூட்டங்களில் அவர் அதட்டினால்தான் ஜனங்கள் முன்வரிசையில் உட்காருவார்கள்.

9.31. சாவி திரும்பியது, கதவு திறக்கவில்லை. உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. தச்சர் அதை அறுக்கப் பத்து நிமிடம் ஆனது.

சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் அவர் ஒருக்களித்துக் கிடந்தார். தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அட்டை அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்தாள்.

எழுத்தர் எதையும் தொடவில்லை. நின்ற இடத்திலிருந்தே பார்த்தார். ஜன்னல்கள் மூடியிருந்தன. மேஜைமேல் கிழமைவாரியாக அறை பிரித்த மாத்திரைப் பெட்டி. வெள்ளி இரவு அறை காலி. சனி காலை அறையில் மூன்று மாத்திரைகளும் அப்படியே இருந்தன. அம்மாவின் வலது கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதன் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கி மடிந்திருந்தது. பக்கத்துத் தரை ஓட்டில், விரல் நகம் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது.

அந்த டம்ளரை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

10.20. போலீஸ் மருத்துவர் கைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கு. விழுந்தது சனிக்கிழமை காலையில இருக்கணும். உயிர் போனது நேத்து மத்தியானம் போல.”

“ரெண்டு நாளுக்கு மேல இப்படியே கெடந்தாங்களா?” என்றார் எழுத்தர்.

“ஆமா. தண்ணி இல்லாம.”

“சனிக்கிழமையே பாத்திருந்தா?”

மருத்துவர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். “எலும்புதானே. பொழச்சிருப்பாங்க.”

போலீஸ் உதவி ஆய்வாளர் அட்டை அக்காவின் பதிவேட்டைப் புரட்டினார். சனி, ஞாயிறு, திங்கள். மூன்று நாளும் டிக்கெட் அம்மா பெயருக்கு நேரே பச்சைக் குறி.

10.45. அலுவலகத்தில் மேலாளர் அம்மையாரின் அறையில் விசாரணை நடந்தது. உதவி ஆய்வாளர் கேட்க, அட்டை அக்கா நின்றபடி பதில் சொன்னாள்.

“சனிக்கிழமை அஞ்சாவது மாடிக்குப் போனியா?”

“போனேன் சார்.”

“லிஃப்ட் ஓடல.”

“படியில ஏறிப் போனேன்.”

“ஞாயிறு, திங்கள்?”

“ரெண்டு நாளும் ஏறித்தான் போனேன். பச்சையா இருந்துச்சு.”

“கீழ விழுந்து எழுந்திரிக்க முடியாதவங்க வெளிய வந்து அட்டையத் திருப்பினாங்களா?”

அட்டை அக்கா பதிவேட்டின் குறிகளையே பார்த்தாள்.

“ஞாயித்துக்கிழமை அவங்க பொண்ணு போன் பண்ணினாங்க. அம்மா எடுக்கலன்னு ஆபீசுல கேட்டிருக்காங்க. நீ என்ன சொன்ன?”

“பச்சைதான், நல்லா இருக்காங்கன்னு…”

உதவி ஆய்வாளர் மேலாளர் பக்கம் திரும்பினார். “கணக்கு ரொம்ப சுலபம் மேடம். லிஃப்ட் வெள்ளிக்கிழமை மத்தியானம் நின்னுச்சு. நேத்து ராத்திரி எட்டு மணிக்குத்தான் சரியாச்சு. லிஃப்ட் ஓடாத மூணு நாளும் பச்சை. ஓடின அன்னிக்கு சிவப்பு. கீழயே உக்காந்து குறி போட்டிருக்கா. ஒரு உயிர் போயிருக்கு. நான் வழக்குப் பதிஞ்சாகணும்.”

“இன்னிக்கே வேலையிலருந்து நிறுத்தி வெக்கிறேன்” என்றார் மேலாளர். அவர் முகம் வெளிறியிருந்தது.

“சாயங்காலம் வரைக்கும் பொறுங்க” என்றார் எழுத்தர்.

“எதுக்கு?”

“சும்மா குறி போடுறவளா இருந்தா இன்னிக்கு மட்டும் ஏன் ஏழு தடவ பெல் அடிக்கணும் சார்?”

உதவி ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு மணி வரைக்கும்.”

11.15. எழுத்தர் தன் மேஜைக்கு வந்தார். எந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்று அவருக்கு டம்ளரைப் பார்த்த நிமிஷமே தெரிந்திருந்தது. கை போகத்தான் இவ்வளவு நேரமானது.

சனிக்கிழமை, முற்பகல் 11.40. நான்காம் மாடி, நர்ஸ். ‘மேல்வீட்டில் தட்டுகிற சத்தம். விட்டு விட்டு வருகிறது. இரவுப் பணி முடித்து வந்து தூங்க முடியவில்லை.’ அதற்குக் கீழே நடவடிக்கை என்ற இடத்தில் அவருடைய கையெழுத்து. ‘மேல்வீட்டு அட்டை பச்சை. ஆள் நலம். குழாய்ச் சத்தமாக இருக்கலாம். முடிக்கப்பட்டது.’

ஞாயிற்றுக்கிழமை புகார்ப் பெட்டியில் போட்டிருந்த துண்டுச் சீட்டு, பின் குத்தி இணைக்கப்பட்டிருந்தது. ‘இன்னும் சத்தம் நிற்கவில்லை. கொஞ்சம் கவனியுங்கள்.’

திங்கட்கிழமைக் காலையில் இன்னொரு சீட்டு. ‘சத்தம் நின்றுவிட்டது. மிக்க நன்றி.’

எழுத்தர் பதிவேட்டின்மேல் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். தேநீர் கொண்டுவந்த காவலாளி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தார்.

“உக்காருங்க” என்றார் எழுத்தர். “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சாவது மாடி வராந்தா பல்பை மாத்துனது நீங்கதானே? புகார்ல இருக்கு.”

“ஆமாங்க. ஏணியத் தூக்கிட்டு அஞ்சு மாடி ஏறுனேன். முதுகு இன்னும் வலிக்குது.”

“டிக்கெட் அம்மா அட்டை அப்ப எப்படி இருந்துச்சு?”

“பச்சையா இருந்துச்சு. நான்தான் சிவப்பாத் திருப்பினேன்.”

“மொத நாள், சனிக்கிழமை?”

“அன்னிக்கும் நான்தான் சிவப்பாக்கினேன். எதிர்வீட்டு டிரைவர் ஐயா வாசல்லயே நின்னுட்டு இருந்தாரு, வணக்கம் சொன்னேன். அவருக்குக் காதுல விழல.”

எழுத்தர் தலையாட்டினார். தேநீர் ஆறிப்போனது.

11.50. நான்காம் மாடி. நர்ஸ் பாதித் தூக்கத்தில் கதவைத் திறந்தாள்.

“மேல அம்மா தவறிட்டாங்கன்னு சொன்னாங்க. பாவம். எப்ப?”

“அந்தச் சத்தம் எப்படி இருந்துச்சும்மா?”

“எந்தச் சத்தம்? ஓ, அதுவா. டொக் டொக் டொக்குன்னு மூணு. அப்புறம் நிக்கும். மறுபடி மூணு. தலகாணிய காதுல அமுக்கிட்டுப் படுத்தேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கொறஞ்சிடுச்சு. ரெண்டு, அப்புறம் ஒண்ணு…”

அவள் நிறுத்தினாள். தூக்கம் முகத்திலிருந்து ஒரேயடியாகப் போய்விட்டது.

“சார். நான் எலும்பு வார்டு நர்ஸ்.”

“தெரியும்மா.”

“ஒரு தடவ ஏறிப் போயிருந்தா…”

“நீங்க சொல்ல வேண்டிய எடத்துல சொன்னீங்க. எழுதிக்கிட்டது நான்” என்றார் எழுத்தர். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவரும் படிக்கட்டில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தார்.

12.35. எதிர்வீட்டு டிரைவர் ஐயா, தோளில் ஒரு பையோடு லிஃப்டிலிருந்து வெளியே வந்தார். டிக்கெட் அம்மா நடத்துநராக இருந்த அதே தடத்தில் பதினோரு வருடம் அவரோடு வண்டி ஓட்டியவர். என்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து காது போய்விட்டது. ஐந்தாம் மாடியில் ஒரு வீடு காலியானபோது அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அவருக்கு அதை வாங்கிக் கொடுத்ததே டிக்கெட் அம்மாதான். நேற்று மாலை நான்கு மணிக்குப் படியிறங்கி மகன் வீட்டுக்குப் போய்த் தங்கி, இன்று காலை பக்கத்திலிருக்கும் மருத்துவமனையில் காதைக் காட்டி, புதுக் காது மெஷின் மாட்டிக்கொண்டு வருகிறார்.

எதிர்க்கதவில் போலீஸ் முத்திரை. உதவி ஆய்வாளர் விஷயத்தைச் சொன்னார். டிரைவர் ஐயா அசையவே இல்லை. எழுத்தர் பக்கத்தில் நின்றிருந்தார்.

“ஐயா, கடைசியா அவங்ககிட்ட எப்ப பேசினீங்க?” என்று கேட்டார் உதவி ஆய்வாளர்.

“வெள்ளிக்கிழமை.”

“அதுக்கப்புறம் அந்தக் கதவுக்கிட்ட யாரையாவது பாத்தீங்களா?”

டிரைவர் ஐயா முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “வேற யாரையும் பாக்கல.”

உதவி ஆய்வாளர், ‘யாரையும் பார்க்கவில்லை’ என்று எழுதிக்கொண்டார். டிரைவர் ஐயா தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எழுத்தர் மட்டும் அங்கேயே நின்றார். பிறகு கீழே போய், அலமாரியிலிருந்து இரண்டு பதிவேடுகளை எடுத்தார். ஒன்று அட்டைப் பதிவேடு. இன்னொன்று, இரவு வெளியே தங்குகிறவர்கள் முன்கூட்டியே காவலாளியிடம் சொல்லிவைக்கும் பதிவேடு. அவர்கள் கதவில் அன்று ஒரு வெள்ளைச் சீட்டு தொங்கும், மணி அடிக்க மாட்டார்கள். ஒரு மணி நேரம் அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

பிற்பகல் 3.10. மேலாளர் அறை. உதவி ஆய்வாளர், மேலாளர், கண் வீங்கிப்போன அட்டை அக்கா. எழுத்தர் உட்காராமலே பேசினார்.

“மொதல்ல இந்தப் பொண்ணு. சனிக்கிழமை சாயங்காலம் காவலாளி அட்டையைச் சிவப்பாக்கினார். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பல்பு மாத்தப் போனப்ப அது பச்சையா இருந்ததைப் பாத்தார். அம்மா உள்ள விழுந்து கெடக்காங்க. அப்ப நடுவுல ஒரு கை அதைத் திருப்பியிருக்கு. இவ பச்சைன்னு எழுதினது பொய் இல்ல.”

“அவளே திருப்பியிருக்கலாம்” என்றார் உதவி ஆய்வாளர்.

“மேல ஏறவே இல்லன்னு காலையில சொன்னீங்க. அஞ்சு மாடி ஏறிப் போனவ, பெல்லை அமுக்கறத விட்டுட்டு அட்டையை ஏன் திருப்பணும்?”

எழுத்தர் அட்டைப் பதிவேட்டைத் திறந்தார்.

“ஆறு மாசத்துல டிக்கெட் அம்மா அட்டை சிவப்பா இருந்தது மூணே நாள். போன மாசத்துக்கு முந்தின மாசம் பதினாலாம் தேதி. போன மாசம் பதினொண்ணாம் தேதி. அப்புறம் இன்னிக்கு. மொத ரெண்டு நாளும் இவ பெல் அடிச்சா, அம்மா வெளிய வந்து மறந்துட்டேன்னு சொல்லியிருக்காங்க. பதிவேட்டுல இருக்கு.” அவர் இரண்டாவது பதிவேட்டைத் திறந்து வைத்தார். “இதே மூணு காலையும் எதிர்வீட்டுல வெள்ளைச் சீட்டு. டிரைவர் ஐயா மொத நாளே மகன் வீட்டுக்குப் போய்த் தங்கியிருக்கார். அவர் இல்லாத காலையில மட்டும் அம்மாவோட அட்டை சிவப்பு. அவர் இருந்த ஒவ்வொரு காலையும் பச்சை.”

மேலாளர் இரண்டு பதிவேடுகளையும் தன் பக்கம் இழுத்துத் தேதிகளை ஒப்பிட்டார்.

“அவர்கிட்ட யாரையாவது பாத்தீங்களான்னு கேட்டீங்க. யாரையும் பாக்கலன்னு அவர் சொல்லல சார். வேற யாரையும் பாக்கலன்னார். அந்தக் கதவுக்கிட்ட போனது தான் மட்டும்தான்னு அவர் அப்பவே சொல்லிட்டார். நாம அந்த ஒரு சொல்ல விட்டுட்டோம்.”

“டிரைவர் ஐயாவா?” அட்டை அக்கா எழுந்தே விட்டாள். “அவர் எதுக்குண்ணா? அவங்க ரெண்டு பேரும் கூடத்துல உக்காந்து தாயம் ஆடினா, சண்டையும் சிரிப்பும் தெருமுனை வரைக்கும் கேக்குமே.”

“அதனாலதான்” என்றார் எழுத்தர். பிறகு மேலாளரைப் பார்த்தார். “ஆறு மாசத்துல மூணு சிவப்பு வந்தா, தனியா இருக்க முடியுமான்னு ஆய்வு. ஆய்வுல தேறலன்னா முதியோர் இல்லம், இல்லன்னா பிள்ளைங்க வீடு. அந்த விதி நம்மளுதுதானே மேடம். நல்லதுக்குத்தான் போட்டோம். அம்மாவுக்கு மறதி வந்திருக்கு. மறதியைவிட அந்த மூணாவது சிவப்புக்குப் பயந்திருக்காங்க.”

மேலாளர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொண்ணும் சொல்லணும்.” எழுத்தர் புகார்ப் பதிவேட்டை அவர்கள் பக்கம் தள்ளினார். சனிக்கிழமைப் பக்கம். “அவங்க கூப்பிட்டாங்க. டம்ளரால தரையைத் தட்டிக் கூப்பிட்டாங்க. அது இந்த ஆபீசுக்கு வந்து சேர்ந்துச்சு. குழாய்னு எழுதி முடிச்சு வெச்சவன் நான்.”

அட்டை அக்கா அந்தப் பக்கத்தைப் படித்தாள். கடைசிச் சீட்டின் நன்றியைப் படித்தபோது அவள் பதிவேட்டை மூடிவிட்டாள்.

3.40. ஐந்தாம் மாடி. டிரைவர் ஐயாவின் வீட்டு அழைப்பு மணிக்குச் சத்தம் கிடையாது. பொத்தானை அழுத்தினால் உள்ளே விளக்கு மினுங்கும். அலுவலகம் போட்டுக் கொடுத்தது. வெகுநேரம் மினுங்கிய பிறகு அவர் வந்தார். கையில் காது மெஷின் இருந்தது. எழுத்தர் அதை மாட்டிக்கொள்ளச் சொல்லிச் சைகை காட்டினார்.

“ஐயா, அட்டை அக்காவை வேலையிலருந்து நிறுத்தப் போறாங்க. போய்ப் பாக்காமலே பச்சைன்னு எழுதினாளாம்.”

டிரைவர் ஐயா நிமிர்ந்தார். “அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு? திருப்பினது நான்.”

சொல்லிவிட்டு, உதவி ஆய்வாளரை அப்போதுதான் பார்த்ததுபோல இரண்டு கைகளையும் தொங்கவிட்டு நின்றார்.

“காலையிலயே ஏன் சொல்லல?” என்றார் உதவி ஆய்வாளர். அவர் குரல் இப்போது அவ்வளவு கறாராக இல்லை.

“வாய் வரல தம்பி. சொல்லிட்டா அவ போனது நெசமாயிடும்போல இருந்துச்சு. மெஷினக் கழட்டி வெச்சுட்டு உள்ள உக்காந்துட்டேன்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். ஆறு மாதமாக இப்படித்தான் நடந்திருக்கிறது. காலை ஆறு மணிக்கு நடைக்குப் போகும்போது தன் அட்டையைத் திருப்புவார். அப்படியே எதிர்க்கதவுக்குப் போய் அவளுடையதையும் திருப்புவார். கேட்டதே அவள்தான். ‘மூணு செவப்பு ஆச்சுன்னா என்னை எறக்கி விட்டுடுவாங்க, பாத்துக்கோ’ என்றாளாம்.

“வெள்ளிக்கிழமை அடுப்ப அணைக்காம லிஃப்டுக்கு வந்துட்டா. லிஃப்ட் நின்னுருந்ததால திரும்பிப் போனா, இல்லன்னா வீடே போயிருக்கும். எனக்குப் பயம் வந்துடுச்சு. பொண்ணு வீட்டுக்குப் போயிடுன்னு சொன்னேன். நீயும் அவங்க பக்கமா சேந்துட்டியான்னு கேட்டு, என் மூஞ்சியில கதவச் சாத்தினா.”

“அதுக்கப்புறம்?”

“பேசல. அவளுக்குக் கோவம் வந்தா நாலு நாள் பேச மாட்டா. பதினோரு வருஷம் பாத்திருக்கேன். தானா எறங்கி வருவான்னு இருந்தேன். கோவம் கோவமா இருக்கட்டும், அட்டையாவது திரும்பட்டும்னு…” அவர் நிறுத்தினார். “நேத்து கெளம்பறப்ப அவ கதவுக்கு முன்னால நின்னேன். சொல்லிட்டுப் போலாம்னு. கையத் தூக்கிட்டேன். அப்புறம் ஏதோ ஒரு வீம்பு. எறங்கிட்டேன்.”

நேற்று நான்கு மணிக்கு டிக்கெட் அம்மா இறந்து ஒன்றிரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

“என்னைக் கூட்டிட்டுப் போங்க தம்பி” என்றார் டிரைவர் ஐயா.

உதவி ஆய்வாளர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். “எதுக்குன்னு எழுதி உங்களக் கூட்டிட்டுப் போறது ஐயா?” என்று கேட்டுவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

மாலை 5.35. மகள் வந்து சேர்ந்தாள். ஏழு மணி நேரப் பயணம். அலுவலகக் கூடத்தில் அவளை உட்காரவைத்து, எழுத்தர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். தன் பங்கையும் சொன்னார். டிரைவர் ஐயா அதற்குப் பிறகுதான் வந்து எதிரில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

மகள் அவரையே பார்த்தாள்.

“மூணு நாள்ல ஒரு தடவகூடக் கதவத் தட்டணும்னு தோணலையா மாமா?”

“கோவமா இருக்கான்னு நெனச்சேம்மா.”

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். வெளியே பிள்ளைகள் பந்தாடும் சத்தம் கேட்டது. மேலாளர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

“நானும் அப்படித்தான் நெனச்சேன்” என்றாள் மகள். “போன வாரம் போன்ல சண்ட. என்கூட வந்துடுன்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை எடுக்காதப்ப, வீம்பு பண்றான்னு நெனச்சுட்டேன். ஆபீசுல நல்லா இருக்காங்கன்னு சொன்னதும், சரி, இருக்கட்டும்னு வெச்சுட்டேன்.”

டிரைவர் ஐயா அப்போதுதான் உட்கார்ந்தார். ஒரு நாற்காலி இடைவெளி விட்டு. இருவரும் அழுதார்கள். ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ளவில்லை. பிணவறைக்குப் போக வண்டி வந்ததும் அவள் எழுந்து, “வாங்க மாமா” என்று மட்டும் சொன்னாள். அவர் பின்னாலேயே போனார்.

வியாழக்கிழமை அட்டை அக்கா வேலைக்குத் திரும்பினாள். அட்டைகள் கழற்றப்பட்டன. இனி ஒவ்வொரு கதவையும் தட்டி, ஆளின் குரலைக் கேட்டுவிட்டுத்தான் குறி போடுவது என்று முடிவாயிற்று. சுற்றுக்கு இன்னொரு பணியாளரும் சேர்ந்தார். மூன்று சிவப்பு விதியை மேலாளரே அடித்துவிட்டார். விதி போனது தெரிந்ததும், ஒரே வாரத்தில் ஆறு முதியவர்கள் அலுவலகத்துக்கு வந்து, தங்களுக்கும் மறதி இருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். மூன்று பேர், பக்கத்து வீட்டுக்காரர்தான் தங்கள் அட்டையைத் திருப்பிக்கொண்டிருந்தார் என்றார்கள்.

எழுத்தர் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மேலாளர் வாங்கவில்லை. “நீங்க போயிட்டா இனிமே அந்தத் தப்பு நடக்காம யாரு பாத்துக்கறது?” என்றார். எழுத்தர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தச் செவ்வாய்க்குப் பன்னிரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அவர் ஐந்தாம் மாடிக்குப் போனார். டிரைவர் ஐயா சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. இருவரும் பால்கனியில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்க்கதவில் புதுப் பூட்டு தொங்கியது.

“ஒண்ணு கேக்கணும்” என்றார் டிரைவர் ஐயா. “மறைக்காம சொல்லணும்.”

“கேளுங்க ஐயா.”

“அவ தரையில தட்டினான்னு சொன்னாங்க. எவ்ளோ நேரம் தட்டினா? எனக்குக் காது கேட்டிருந்தா எத்தன நாள் கேட்டிருக்கும்?”

பத்தொன்பது வருடமாகச் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதியவர் எழுத்தர். அவர் கீழே தெருவைப் பார்த்தார்.

“சனிக்கிழமை மட்டும்தான் ஐயா. மத்தியானத்துக்குள்ள மயங்கிட்டாங்க. டாக்டர் சொன்னார். அப்புறம் எதுவும் தெரிஞ்சிருக்காது.”

“சனிக்கிழமை மட்டும்.”

“ஆமா.”

டிரைவர் ஐயா மெதுவாகத் தலையை ஆட்டினார். “டீ போடட்டுமா?” என்று கேட்டார். அந்தப் பன்னிரண்டு நாளில் அவர் கேட்ட முதல் சாதாரணக் கேள்வி அதுதான்.

தேநீர் குடித்துவிட்டு எழுத்தர் படியிறங்கினார். நான்காம் மாடியில் நின்று நர்ஸின் கதவைத் தட்டினார்.

“ஒரு உதவி வேணும்மா” என்றார். “மேல்வீட்டு ஐயா உங்ககிட்ட வந்து, சத்தம் எத்தன நாள் கேட்டுச்சுன்னு கேட்டா…”

“போன வாரமே வந்து கேட்டுட்டுப் போயிட்டார் சார்” என்றாள் நர்ஸ். அவள் கண்கள் நிறைந்தன. “சனிக்கிழமை மட்டும்தான்னு சொல்லிட்டேன்.”